கைத்தொலைபேசி விளையாட்டு: ஒரு கடைக்காரரின் கணக்கு

கடந்த மாதம் எமது கடைக்கு பிளாஸ்டிக் வாளி வாங்க வந்த ஒரு சகோதரர் கல்லாவுக்கு அருகில் நின்று மெதுவாக ஒரு விடயத்தைக் கேட்டார். க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் அவரது மகன், கைத்தொலைபேசி விளையாட்டு ஒன்றை உருவாக்கப் போவதாகக் கூறி இரண்டு இலட்சம் ரூபா கேட்கிறானாம். "வியட்நாமில ஒரு பொடியன் நாளைக்கு ஐம்பதாயிரம் டொலர் எடுத்தானாமே, மெய்யா? நீங்களும் ஒன்டு செஞ்சீங்களாமே?" என்றார்.

மெய்தான். ஹனோயைச் சேர்ந்த டொங் நுயென் 2013 மே மாதத்தில் வெளியிட்ட 'பிளெப்பி பேர்ட்' 2014இன் ஆரம்பத்தில் உலகெங்கும் பரவியது. விளம்பரங்களால் நாளொன்றுக்கு 50,000 டொலர் வருவதாக அவரே செய்தியாளரிடம் கூறினார். அதே ஆண்டு பெப்ரவரியில் அதனைத் தானாகவே அகற்றியும் விட்டார். ஆனால் அச்சகோதரருக்கு நான் வேறோர் எண்ணைச் சொன்னேன். 2009 டிசம்பரில் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற 'எங்கிரி பேர்ட்ஸ்', பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் செய்த 52ஆவது விளையாட்டாகும். முன்னைய 51இல் ஒன்றின் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா?

நானும் ஒன்று செய்தேன் என்பதும் மெய்தான். அந்தக் கதையையும் கணக்கையும் அவருக்குச் சொன்னதை விட சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன்.

அக்குறணையில் நானாவும் நானும் பங்காக பிளாஸ்டிக் சாமான் கடை ஒன்றை நடத்தி வருகிறோம். புறக்கோட்டையிலிருந்து சரக்கு ஏற்றி வரும் சிறிய லொறி கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது, பின்னால் அடுக்கிய பெட்டிகள் ஆடுவதைப் பல வருடங்களாகப் பார்த்து வந்திருக்கிறேன். அதனையே ஒரு விளையாட்டாக்கலாம் என்ற எண்ணம் 2023இல் தோன்றியது. லொறியில் பெட்டிகளை நீங்களே அடுக்க வேண்டும். பிறகு மேடு பள்ளமான பாதையில் லொறியைச் செலுத்த வேண்டும். மேலே போய்ச் சேரும்போது எத்தனை பெட்டி மிஞ்சுகிறதோ அத்தனை புள்ளி. இவ்வளவுதான்.

இத்தகைய விளையாட்டுக்களில் பெட்டி எப்படி விழும், எப்படி உருளும் என்பதை நாம் படம் படமாக வரைவதில்லை. பௌதிகவியல் எஞ்சின் எனப்படும் ஒரு மென்பொருள் பகுதி, ஒவ்வொரு விநாடியையும் பொதுவாக 60 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் நிறை, வேகம், உராய்வு, மோதல் ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பொருளை நகர்த்துகிறது. எங்கிரி பேர்ட்ஸுக்குள் இருந்த அத்தகைய எஞ்சினின் பெயர் 'பொக்ஸ்2டி'. எரின் கட்டோ என்பவர் அதனை எழுதி இலவசமாகவே வெளியிட்டிருந்தார். 2011இல் நடந்த ஒரு மாநாட்டில் அவர் சபையிலிருந்து எழுந்து, உங்கள் விளையாட்டில் எந்த எஞ்சின் உள்ளது என்று ரோவியோ பிரதிநிதியிடம் கேட்டார். பதில் கிடைத்ததும், அப்படியானால் அதற்குரிய பெயரையும் போடுவீர்களா என்று கேட்டார். அதன் பின்னரே பெயர் சேர்க்கப்பட்டது.

நான் பயன்படுத்தியது 'கோடோட்' என்ற இலவச மென்பொருள். பௌதிகவியல் எஞ்சின் அதற்குள்ளேயே உள்ளது. எவ்வளவு வருமானம் வந்தாலும் பங்கு கொடுக்கத் தேவையில்லை. சாதாரண லெப்டொப்பிலும் ஓடும். ஆகவே, தொடங்குவதற்கு இரண்டு இலட்சம் தேவை என்று எவராவது சொன்னால், எதற்கு என்று விபரமாகக் கேளுங்கள்.

முதல் இரவே ஒரு வேடிக்கை நடந்தது. அதில் புவியீர்ப்பின் அளவு 980 என்று இருந்தது. பாடசாலையில் படித்த புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8 அல்லவா, இது பிழை என்று எண்ணி நானே அதனை 9.8 ஆக மாற்றி விட்டேன். பெட்டிகள் பஞ்சு போல் மிதந்து இறங்கின. அங்கு அளவு மீற்றரில் அல்ல, திரையின் புள்ளிகளில் என்பதும், நூறு புள்ளி ஒரு மீற்றர் என்று கொண்டால் 980 சரிதான் என்பதும் விளங்க இரண்டு நாள் பிடித்தது.

அடுத்த பிழை இதைவிடப் பெரியது. எனது தொலைபேசியில் ஏற்றத்தை ஏறி முடிக்க 40 விநாடி எடுத்தது. ராத்தாவின் மகனுடைய புதிய தொலைபேசியில் 20 விநாடியில் முடிந்தது. "மாமா, லொறி பறக்குதே" என்றான். நான் லொறியை நகர்த்தும் கட்டளையை, திரை ஒவ்வொரு முறை வரையப்படும்போதும் ஓடும் பகுதியில் எழுதியிருந்தேன். எனது திரை விநாடிக்கு 60 தடவை வரைகிறது, அவனது திரை 120 தடவை. ஆகவே வேகமும் இரட்டிப்பாகி விட்டது. அக்கட்டளையை, நிலையான கூறுகளில் ஓடும் பௌதிகவியல் பகுதிக்கு மாற்றிய பின்னரே இரண்டும் ஒன்றாயின. அன்றே பழைய தொலைபேசி இரண்டை 18,000 ரூபாவுக்கு வாங்கினேன். இச்செலவுக்கு நான் ஒருபோதும் வருந்தவில்லை. வேகமாக விழும் சிறிய பெட்டி லொறியின் தட்டைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போவதையும் அவற்றில்தான் கண்டேன். ஒரு கூறில் தட்டுக்கு மேலே இருந்த பெட்டி அடுத்த கூறில் கீழே போய்விட்டால், இடையில் தட்டு இருந்ததையே எஞ்சின் அறியாது. தட்டைத் தடிப்பாக்கி, தொடர் மோதலைக் கவனிக்கும் வசதியையும் இயக்கியதும் அது நின்றது. பாரமான பெட்டியை இலேசான பெட்டிக்கு மேல் வைத்தால் அடுக்கு முழுவதும் நடுங்கியது. எனவே நிறைகளின் வித்தியாசத்தைக் குறைத்தேன். கடையில் பாரமானதை அடியில் வை என்று நாம் பையன்களுக்குச் சொல்வது எஞ்சினுக்கும் பொருந்துகிறது.

படங்களை மருமகனே வரைந்தான். 2024இன் தொடக்கத்தில் கூகுள் பிளேயில் பதிவு செய்தேன். ஒரு தடவை மட்டும் 25 டொலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 8,000 ரூபா. அப்பிளில் ஆண்டுதோறும் 99 டொலர் என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. 2023 நவம்பருக்குப் பின் தனிநபராகப் பதிவு செய்தவர்கள், வெளியிட அனுமதி கேட்கும் முன் 20 பேரைக் கொண்டு தொடர்ச்சியாக 14 நாள் சோதிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. (2024 டிசம்பரில் இது 12 பேராகக் குறைக்கப்பட்டது.) நான் குடும்பத்திலும் பக்கத்துக் கடைகளிலுமாகச் சரியாக 20 பேரைச் சேர்த்தேன். பதினோராம் நாள் மச்சான் ஒருவர், தொலைபேசியில் இடமில்லை என்று சோதனையிலிருந்தே விலகி விட்டார். மீண்டும் ஒருவரைப் பிடித்து முதலாம் நாளிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. தேவையான தொகையை விட ஐந்தாறு பேரை அதிகமாகச் சேர்ப்பது புத்தி.

தரவுப் பாதுகாப்புப் படிவத்தில் இன்னொரு தவறு செய்தேன். நான் எவரது தகவலையும் எடுக்கவில்லை என்று எழுதினேன். ஆனால் விளம்பரம் காட்டுவதற்காக நான் சேர்த்திருந்த எட்மொப் பகுதி, தொலைபேசியின் விளம்பர அடையாள இலக்கத்தை எடுக்கிறது. அதனை நானே வெளிப்படுத்த வேண்டும். திருத்தி அனுப்பினேன். எட்மொப்பில் எந்த வகை விளம்பரம் வரக்கூடாது என்று தடுக்கும் வசதியும் உண்டு. சூதாட்டம், காதல் துணை தேடல் போன்றவற்றை முதல் நாளே தடுத்து விட்டேன். வருமானம் சற்றுக் குறையலாம், குறையட்டும்.

வெளியான முதல் மாதத்தில் 90 பேர் இறக்கினர். அவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். இந்நேரத்தில்தான் சந்தைப்படுத்தல் செய்வதாகக் கூறும் ஒருவர், மூன்று இலட்சம் தந்தால் விளையாட்டை மேலே கொண்டு வருவதாகச் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆசை வந்து விட்டது. கடைக் கணக்கிலிருந்து அப்பணத்தை எடுக்கலாமா என்று நானாவிடம் கேட்டேன். அது நோன்புக்கு முன்னர் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம்.

நானா கோபப்படவில்லை. "ஒரு ஆள எடுக்க எவ்வளவு போகுது? அந்த ஆளால எவ்வளவு வருது? அதச் சொல்லு தம்பி, நான் தாறன்" என்றார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆகவே எனது சொந்தப் பணத்தில் 6,000 ரூபாவுக்கு விளம்பரம் செய்து பார்த்தேன். 150 பேர் இறக்கினர். அதாவது ஒருவருக்கு 40 ரூபா. ஒரு மாதம் காத்திருந்தேன். அந்த 150 பேருக்கும் காட்டப்பட்ட விளம்பரம் ஏறத்தாழ 900, கிடைத்தது 63 சதம். டொலரின் சதம்தான், அதாவது சுமார் 190 ரூபா. ஒருவரால் வந்தது ஒன்றேகால் ரூபாவை விடச் சற்றே அதிகம். 40 ரூபாவுக்கு வாங்கி ஒன்றேகால் ரூபாவுக்கு விற்கும் சரக்கு. இதே விகிதத்தில் மூன்று இலட்சத்தைப் போட்டால் 7,500 பேர் வருவர், திரும்பி வருவது பத்தாயிரமும் இல்லை. கடுதாசியில் எழுதி நானாவிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு அதனைக் கல்லாவுக்குள் போட்டுக்கொண்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மொத்தக் கணக்கு இதுதான். செலவு 32,000 ரூபா. ஒன்றரை வருட இரவுகளை நான் விலை போடவில்லை. இதுவரை எட்மொப்பில் சேர்ந்திருப்பது 61 டொலர். 100 டொலர் ஆன பின்னரே வங்கிக்கு அனுப்புவார்கள், எனவே கைக்கு ஒரு சதமும் வரவில்லை. 10 டொலர் சேர்ந்தபோது முகவரியை உறுதிப்படுத்தும் இரகசிய இலக்கம் தபாலில் வந்தது. வெளிநாட்டுக் கடிதத்தைக் கண்டு, நான் எங்கோ கடன்பட்டு விட்டேன் என்று நானா பயந்து போனார்! மருமகனுக்கோ வேறு விதமான வரவு. மென்பொருள் கம்பனி ஒன்றின் நேர்முகப் பரீட்சையில் சான்றிதழ்களை விட இந்த லொறியைப் பற்றியே அதிக நேரம் கேட்டார்களாம். பயிலுநராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வாளி வாங்க வந்த சகோதரரிடம், மகனுக்கு இரண்டு இலட்சம் கொடுக்க வேண்டாம், பழைய தொலைபேசி இரண்டும் 25 டொலரும் கொடுங்கள், ஆறு மாதத்துக்குள் ஒன்றை முடித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். முடித்து வெளியிட்டால் அடுத்ததற்கு அவனோடு அமர்ந்து கணக்குப் பார்க்கலாம். பையனை ஒரு நாள் கடைக்கு அனுப்பும்படியும் சொல்லியிருக்கிறேன்.

நானா இப்போது ஓய்வு நேரத்தில் அதனை விளையாடுகிறார். சென்ற வாரம், "கயிறு கட்டாம எவன்டா கடுகண்ணாவ ஏத்தத்தில லொறி விடுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெட்டிகளைக் கயிற்றால் கட்டும் வசதியை இரண்டு வாரத்துக்குள் சேர்க்க முயன்று கொண்டிருக்கிறேன். கயிறு இப்போதைக்கு இறப்பர் போல் இழுபடுகிறது.