பல்லூடகக் களஞ்சியம்: எந்த மென்பொருள் யாருக்குப் பொருந்தும்?

ஆவடி, கோவில்பதாகை பக்கம் பல்கலைக்கழகத்துக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. இவற்றில் ஒன்று டிஜிட்டல் களஞ்சியம் தொடங்குவதாக இருந்தால், ஆய்வேடுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை 2009ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறை கட்டாயமாக்கியது. அவை காந்திநகர் இன்ஃப்லிப்னெட் நடத்தும் ‘சோத்கங்கா’ ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போய்விடுகின்றன. அங்கே போகாதவைதான் நமக்கான வேலை: கருத்தரங்க ஒலிப்பதிவுகள், ஆய்வகக் காணொளிகள், பழைய புகைப்படங்கள், வட்டார வாய்மொழி வரலாறு. கடைசியாகச் சொன்னதுதான் அவசரம்: 1955 ஆவடி காங்கிரஸ் மாநாட்டை நேரில் பார்த்தவர்கள் இன்று அருகிவிட்டார்கள். அறுபதுகளில் டாங்கித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. (பாதுகாப்புத் துறை ஆலை என்பதால், அவர்கள் சொல்வதில் எதை வெளியிடலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.)

அப்படி ஒருவரை ஒரு மணி நேரம் பேட்டி காண்கிறோம் என்று வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பாக ஒலியை எடுத்தால் ஏறத்தாழ 1 ஜிபி. நொடிக்கு 5 மெகாபிட் தரத்தில் காணொளி எடுத்தால் இன்னொரு 2.25 ஜிபி. இவற்றோடு எழுத்து வடிவம், புகைப்படம், கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம். இத்தனையும் ஒரே பதிவின் கீழ் நிற்க வேண்டும். மென்பொருளை எடைபோட இந்த ஒரு பேட்டி போதும்.

யூடியூபும் கூகுள் டிரைவும் இருக்கும்போது தனிக் களஞ்சியம் எதற்கு என்று நிர்வாகம் கேட்கும். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் கிடைத்த இடத்தை 100 டெராபைட்டாகக் குறைக்கப்போவதாக 2021இல் கூகுள் அறிவித்ததை நினைவூட்டுங்கள். பார்க்க வைக்க யூடியூப் அருமையான இடம்தான். பாதுகாக்கும் பொறுப்பை அதனிடம் விட முடியாது.

களஞ்சிய மென்பொருள்களில் பல்கலைக்கழகங்கள் அதிகம் நாடுவது டிஸ்பேஸ். எம்ஐடியும் எச்பியும் சேர்ந்து 2002இல் வெளியிட்டது; சோத்கங்காவே இதில்தான் ஓடுகிறது. தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்கலாம் என்பதே இதன் பெரிய பலம். ஆனால் 2021இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து முகப்பு வேறு, பின்தளம் வேறு. இரண்டையும் சேர்த்து ஓட்டப் பழைய சர்வர் திணறும். காணொளியை உலாவியிலேயே ஓட்டிக்காட்டும் வசதி உண்டு, ஆனால் கொடுத்த கோப்பைச் சிறிதாக்கித் தராது. அந்த 2.25 ஜிபி கோப்பை அப்படியே ஏற்றினால், மின்சார ரயிலில் கைபேசி வைத்திருக்கும் மாணவருக்கு அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஏற்றுவதற்கு முன்பே சிறிய படி ஒன்றை நாமே எடுத்துவைக்க வேண்டும்.

ஈபிரிண்ட்ஸ் இதைவிட எளிது. பெங்களூரு ஐஐஎஸ்சி பல காலமாக அதில் கட்டுரைகளைச் சேர்த்துவருகிறது. கட்டுரைகளுக்கு நல்லது; ஒலி, ஒளிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஒலியும் ஒளியுமே முதன்மை என்றால் இஸ்லண்டோரா. ஏற்றிய காணொளியிலிருந்து சிறிய படிகளைத் தானே எடுத்துக்கொள்ளும். ஈழத்து நூல்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தின் பல்லூடக ஆவணகம் இதில்தான் அமைந்தது. தமிழில் ஒலி, ஒளி, படங்களை ஒரே இடத்தில் எப்படி அடுக்குவது என்று அறிய அதைப் பாருங்கள். ஒரு நிபந்தனை: துருபால், பெடோரா, சோலர் என்று பல நிரல்கள் கைகோத்து ஓடும் அமைப்பு இது. முழுநேர நிரலாளர் இல்லாத இடத்தில் இதைத் தொடாதீர்கள். இறுதியாண்டு மாணவர் புராஜெக்டாக நிறுவிக் கொடுத்தது, அவர் பட்டம் வாங்கிப் போனதும் நின்றுவிடும்.

ஒரே ஒரு துறை, சில நூறு படங்கள், சில பேட்டிகள் என்றால் ஒமேகா போதும். சாதாரண வெப் ஹோஸ்டிங்கிலேயே ஓடும்.

எதை எடுத்தாலும் தமிழுக்கென்று இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஆசிரியர் பெயரைக் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று பிரித்துக் கேட்கும் படிவத்தில் முன்னெழுத்தை எங்கே இடுவது? ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் இட்டால் ஒரே பேராசிரியர் பட்டியலில் இரண்டு ஆளாக நிற்பார். இரண்டாவது, ‘ஏரி’ என்று தேடினால் ‘ஏரிக்கரையில்’ என்ற தலைப்பு அகப்படுகிறதா? இல்லையென்றால் குறிச்சொல் பகுதியில் வேர்ச்சொல்லையும் ஊர்ப்பெயரையும் தனியே இடுவது எளிய வழி.

மூலக் கோப்புகளின் ஒரு படி வளாகத்துக்கு வெளியே இருக்கட்டும். சர்வர் தரைத்தளத்தில் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையைப் பார்த்த ஆவடிக்காரர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வட்டாரக் கல்லூரி ஒன்று என்னிடம் கேட்டால் டிஸ்பேஸ் என்றே சொல்வேன். நிரலாளர் சம்பளத்துக்கு நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் இஸ்லண்டோரா. அந்த முடிவுக்காகப் பேட்டிகளைத் தள்ளிப்போடாதீர்கள். வேவ் கோப்பு, ஒப்புதல் படிவம், ஒழுங்கான எக்செல் பட்டியல் மூன்றும் கையில் இருந்தால், பின்னால் எந்த மென்பொருளிலும் மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம்.