உப்பில் வெப்பத்தைச் சேமித்தல்

நீலநிறச் செப்புச் சல்பேற்றுப் பளிங்குகளைச் சோதனைக் குழாயிலிட்டு வெப்பமேற்றினால் நீராவி வெளியேறி வெண்ணிறத் தூள் எஞ்சும். ஆறிய தூளில் ஓரிரு துளி நீர் விட்டால் நீலநிறம் மீளும், குழாயும் சூடாகும். பலர் நிறமாற்றத்தை மட்டும் எழுதிவிட்டு, சூட்டை எழுத மறந்துவிடுகின்றனர். இப்பாடத்தின் கருவே அந்தச் சூடுதான்.

நீரேறிய உப்பு என்றால் என்ன?

பளிங்கினுள் குறித்த எண்ணிக்கையான நீர் மூலக்கூறுகளைப் பிணைத்து வைத்திருக்கும் உப்பே நீரேறிய உப்பாகும். இந்நீர் மூலக்கூறுகள் செப்புச் சல்பேற்றில் 5, எப்சம் உப்பு எனப்படும் மகனீசியம் சல்பேற்றில் 7, கிளோபரின் உப்பு எனப்படும் சோடியம் சல்பேற்றில் 10 ஆகும்.

வெப்பத்தைச் சேமிக்கும் இரு முறைகள்

1. உருக்கிச் சேமித்தல்: கிளோபரின் உப்பு ஏறத்தாழ 32 பாகை செல்சியசில் உருகும். அப்போது கிலோகிராமொன்று ஏறத்தாழ 250 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 10 பாகையால் உயர்த்த 42 கிலோயூலே தேவை. அதாவது உப்பு உறிஞ்சுவது ஏறத்தாழ ஆறு மடங்கு. உருகிய உப்பு மீண்டும் உறையும்போது இவ்வெப்பம் வெளிவரும். ஹங்கேரியில் பிறந்த விஞ்ஞானி மரியா டெல்கெஸ், 1948இல் ஐக்கிய அமெரிக்காவின் டோவர் நகரில் கட்டப்பட்ட வீடொன்றைச் சூரிய வெப்பத்தாலும் இவ்வுப்பாலும் சூடாக்கினார். எனினும் உருகும்போது நீரற்ற சோடியம் சல்பேற்று அடியிற் படிந்து, மீண்டும் நீருடன் முழுமையாகச் சேராது போயிற்று. சில குளிர்காலங்களுடன் அம்முறை பயனற்றதாயிற்று. மேலும், உருகிய உப்பின் வெப்பம் கொள்கலத்தின் சுவரூடாக மெல்லமெல்ல இழக்கப்படும். எனவே இது சில நாட்களுக்கே பொருத்தமானது.

2. உலர்த்திச் சேமித்தல்: கோடைகாலச் சூரிய வெப்பத்தால் உப்பிலுள்ள நீர் வெளியேற்றப்படும். இது அகவெப்பத் தாக்கம். உலர்ந்த உப்பை ஈரம் புகாது மூடிவைத்தால், அது ஆறிய பின்னரும் சேமித்த சக்தி இழக்கப்படாது. குளிர்காலத்தில் அதனூடாக ஈரக்காற்றைச் செலுத்த, உப்பு நீரேறி வெப்பத்தை வெளிவிடும். இது புறவெப்பத் தாக்கம். ஆகவே பருவம் விட்டுப் பருவம் சேமிக்க இம்முறையே ஏற்றது.

நமக்கு என்ன தொடர்பு?

கொழும்பில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதும் மாறாததால் இத்தேவையை நாம் உணர்வதில்லை. கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம் உறவினருக்கோ குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது பெருஞ்செலவு. புத்தளம், அம்பாந்தோட்டை, ஆனையிறவு போன்ற உப்பளங்களில் கறியுப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பான தாய்த்திராவகத்தில் மகனீசியம் குளோரைட்டும் மகனீசியம் சல்பேற்றும் உண்டு. இவ்விரண்டும் வெப்பச் சேமிப்புக்காக ஆராயப்படும் உப்புக்களாகும். ஆனால் ஈரத்தில் இவை கட்டிபிடிப்பதும், மகனீசியம் குளோரைட்டை அளவுக்கு மீறி வெப்பமேற்றினால் அரிக்கும் இயல்புடைய ஐதரசன் குளோரைட்டு வாயு வெளிவருவதும் தடைகளாகும்.

மாதிரி வினா

உலர்த்திய உப்பு அறைவெப்பநிலைக்கு ஆறிய பின்னரும் சக்தியைக் கொண்டிருப்பது எவ்வாறு?

விடை: சக்தி இங்கு உயர் வெப்பநிலையாக அன்றி, இரசாயன சக்தியாகவே சேமிக்கப்பட்டுள்ளது. உப்பு மீண்டும் நீருடன் பிணையும்போது மட்டுமே அது வெப்பமாக வெளிவரும்.

கவனிக்க: "உப்பு சூடாக இருப்பதால்" என எழுதினால் புள்ளி கிடையாது.