பெரிய பள்ளிவாசலின் கல்லெழுத்து

ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் பக்கங்களில் புதிதாகக் குடியேறிய நம்மவர் வீடுகளில் வாசல் நிலைக்கு மேல் 786 என்று எழுதிய பலகையைப் பார்க்கிறோம். கடிதத் தலைப்பிலும், கல்யாணப் பத்திரிகையிலும், கடைக் கணக்கு நோட்டிலும் அதே எண்தான். அது பிஸ்மில்லாஹ்வின் கணக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். அதைக் கற்றுக்கொண்டால் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ஒரு கல்லைப் படித்துவிடலாம். ஆகவே இம்மாதம் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

அரபி எழுத்துகள் 28-க்கும் எண் மதிப்பு உண்டு. அலிஃப் 1, பே 2, ஜீம் 3, தால் 4. இந்நான்கையும் சேர்த்துத்தான் 'அப்ஜத்' என்கிறோம். யே 10, ரே 200 என்று ஏறிக்கொண்டே போய், கைன் 1000-ல் முடியும். எழுதப்பட்ட எழுத்தைத்தான் எண்ண வேண்டும், ஓசையை அல்ல. ஷத்து இருந்தாலும் ஓர் எழுத்துக்கு ஒரே கணக்கு. ஓதும்போது மறைந்துபோகும் அலிஃபும் கணக்கில் சேரும். இம்முறைப்படி பிஸ்மி 102, அல்லாஹ் 66, அர்ரஹ்மான் 329, அர்ரஹீம் 289, ஆக 786.

இங்கே ஒரு வார்த்தை. காகிதம் காலடியில் விழுமே என்று அஞ்சி எண்ணை எழுதினார்கள் பெரியவர்கள்; அது மரியாதையினால் செய்தது. ஆனால் எண்ணை எழுதிவிட்டு வாயால் பிஸ்மி சொல்ல மறப்பது என்ன நியாயம்? இதே அப்ஜத்தைக் கொண்டு பெயர்ப் பொருத்தமும் நல்ல நாள் கெட்ட நாளும் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

பாரசீகப் புலவர்கள் அப்ஜத்தை நல்ல வேலைக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டால், ஓர் ஆலிம் மறைந்தால், அந்த ஆண்டு விளங்கும்படி ஒரு சொற்றொடரைக் கோப்பார்கள். சொல்லுக்குப் பொருளும் பொருந்த வேண்டும், எழுத்துகளைக் கூட்டினால் ஹிஜ்ரி ஆண்டும் வர வேண்டும். இதற்குத் 'தாரீக்' என்று பெயர். ஈரானிலும், தில்லியிலும், தக்காணத்திலும் கல்லில் வெட்டிய இக்கலை ஆற்காட்டு நவாபுகளோடு நம் நாட்டுக்கும் வந்தது.

பெரிய பள்ளிவாசல் நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் காலத்தது. நவாப் 1795 அக்டோபரில் காலமானார். பள்ளிவாசலின் உள்ளே கல்லில் உள்ள பாரசீகத் தாரீகை இயற்றியவர் ராஜா மக்கன்லால். புனைபெயர் 'கிரத்', அதாவது அறிவு. நவாபின் அரண்மனையில் பணியாற்றிய ஹிந்துப் பெரியவர் அவர். அவர் தேர்ந்த சொற்கள் மூன்று: திக்ர், அல்லாஹ், அக்பர். அல்லாஹ்வை நினைவுகூர்தலே மிகப் பெரிது என்ற பொருள்பட இணைத்திருக்கிறார். 'திக்ர்' என்பதில் புள்ளி வைத்த தால் 700, காஃப் 20, ரே 200, ஆக 920. அல்லாஹ் 66. அக்பர் என்பதில் அலிஃப் 1, காஃப் 20, பே 2, ரே 200, ஆக 223. மூன்றையும் கூட்டினால் 1209. ஹிஜ்ரி 1209 என்பது 1794 ஜூலை முதல் 1795 ஜூலை வரை.

முஸ்லிமல்லாத ஒருவரின் வாசகம் தொழுமிடத்தில் இருக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு நாம் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. லக்னோ ஃபிரங்கி மஹலைச் சேர்ந்த மௌலானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் (ரஹ்) அவர்கள் இதே நவாபின் அழைப்பின் பேரில் சென்னைக்கு வந்து, 1810-ல் மறையும் வரை இங்கே வாழ்ந்தார்கள். நம் மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் நிஜாமியா பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீனின் மகனார். மௌலானா ரூமியின் மஸ்னவிக்குப் பாரசீகத்தில் விரிவுரை எழுதியவர்கள். அத்தகைய மேதை வாழ்ந்த ஊரில் அக்கல் அப்படியே இருந்தது. அவர்களுடைய கப்ரும் அப்பள்ளிவாசலை அடுத்தே இருக்கிறது.

பாரசீகம் உருதுக்காரர்களின் சொத்து, தமிழ் பேசும் நமக்கு அதில் என்ன என்று எண்ண வேண்டாம். பாங்கு என்கிறோம், தர்கா என்கிறோம், பேஷ் இமாம் என்கிறோம்; ரசீது, தஸ்தாவேஜு, தாசில்தார் என்று எல்லாச் சமயத்தவரும் சொல்கிறார்கள். இவை பாரசீகம் விட்டுச்சென்றவை. வாலாஜாவின் சரித்திரமான 'துஸுகே வாலாஜாஹீ' என்ற பாரசீக நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் முஹம்மது ஹுஸைன் நயினார்; சென்னைப் பல்கலைக்கழகம் 1934-லும் 1939-லும் அதை வெளியிட்டது.

இப்போது பழைய பள்ளிவாசல்களில் எங்கு பார்த்தாலும் திருப்பணி நடக்கிறது. சுவருக்குப் பளபளப்பான டைல்ஸ் ஒட்டுகிறார்கள். படிக்கத் தெரியாத கல்லுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், அல்லது பெயர்த்து மூலையில் போடுகிறார்கள். ஹனஃபி ஃபிக்ஹ் நூல்கள் பள்ளிவாசல் அலங்காரத்தைச் சொந்தப் பணத்தில் செய்ய இடம் தருகின்றன. வக்ஃபுப் பணத்தில் தருவதில்லை. கிப்லாச் சுவரிலோ தொழுபவரின் கவனத்தைக் கலைக்கும் அலங்காரத்தை வெறுக்கின்றன. டைல்ஸுக்குப் பணம் ஒதுக்கும் முத்தவல்லிமார் இவ்விரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும். பழைய கல்லில் கைவைக்கும் முன் அதைப் போட்டோ எடுத்து, பாரசீகம் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டட்டும். எழுத்துக் கூட்டத் தெரிந்த மக்தப் பிள்ளையே ஆண்டைக் கூட்டிச் சொல்லிவிடும்.