நீர்வழியும் நீதிவழியும்

நுழையும்முன்

கண்மாய்க்குள் வீடுகள் எழுந்துவிட்டன. கண்மாயை மீட்டால் வீடுகள் போகும். வீடுகளை விட்டுவைத்தால் கண்மாய் போகும். நீரின் தேவையையும் அங்கு வாழ்வோரின் உரிமையையும் நீதிமன்றங்கள் சீர்தூக்கும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சங்கிலியாய் அமைந்த நீர்நிலைகள்

பழனி மலைத்தொடருக்கும் சிறுமலைக்கும் இடையே விரிந்து கிடப்பது திண்டுக்கல் சமவெளி. மலையில் தோன்றும் குடகனாறு ஆத்தூர், வேடசந்தூர் வழியே வடக்கு நோக்கிச் சென்று அமராவதியில் கலக்கிறது. ஆண்டு முழுவதும் நீரோடும் பேராறு இல்லாத இந்நிலத்தில், பெய்யும் மழையைத் தேக்கி வைக்கவே முன்னோர் குளங்களையும் கண்மாய்களையும் அமைத்தனர். மேலுள்ள கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழுள்ள கண்மாய்க்கு நீர் கிடைக்கும். ஆதலால், ஒரு வரத்து வாய்க்காலில் எழும் சுவர் அவ்விடத்தை மட்டும் அடைப்பதில்லை. கீழுள்ள ஊர்களின் வயலையும் கிணற்றையும் சேர்த்தே வறளச் செய்கிறது. பெருமழைக் காலத்திலோ வழியிழந்த நீர் குடியிருப்புக்குள் புகுகிறது.

வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இந்நிலங்கள் 'நீர்நிலைப் புறம்போக்கு' எனக் குறிக்கப்படுகின்றன. தனியொருவருக்கு உரிமையில்லாத நிலம் என்பது இதன் பொருள். எவருக்கும் வேண்டாத நிலம் என்பதன்று.

நிலம் யாருக்கு?

உத்தரப்பிரதேசத்தில் ஒரு குளத்து நிலம் வீட்டுமனைகளாக ஒதுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வொதுக்கீடு செல்லாது என்றது. அரசு அலுவலரே வழங்கினாலும் குளம் மனையாகிவிடாது என்பதே அதன் கருத்து. எனினும், குடியிருந்தோர் வெளியேற ஆறு மாதக் காலம் அளித்தது; கட்டிய வீடுகளின் கட்டுமானப் பொருள்களை எடுத்துச் செல்லவும் இசைவு தந்தது.

2011ஆம் ஆண்டு பஞ்சாபின் ஊர்க்குளம் ஒன்று தொடர்பான வழக்கிலும் இதே உறுதி வெளிப்பட்டது. குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்கள் நிலத்திற்கு விலை கொடுத்துவிட்டு அங்கேயே இருக்கலாம் என்னும் ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நெடுங்காலம் இருந்தமையோ, பெரும்பொருள் செலவிட்டமையோ, அரசியல் செல்வாக்கோ ஆக்கிரமிப்புக்கு நியாயம் ஆகா என்றது. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் இனத்தோர், பழங்குடியினருக்கும் அரசு ஆணைவழி குத்தகைக்கு அளித்த பொதுநிலங்கள், பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப்பயன்பாடு உள்ள இடங்கள் ஆகியவற்றில் மட்டும், அரிதாக, வரைமுறைப்படுத்தலாம் என்றது.

எவ்வாறு அகற்றுவது?

பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரமும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு கூறும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. நடைபாதை பொதுமக்களுக்கு உரியது. அதில் குடியிருக்க உரிமையில்லை. ஆயினும், நியாயமான நடைமுறையின்றி எவரையும் அகற்றுதல் கூடாது. மழைக்காலம் முடியும்வரை அவர்களை வெளியேற்றலாகாது என்றும் நீதிமன்றம் பணித்தது.

தமிழ்நாட்டிலும் இவ்விரு நெறிகள் இணைந்தே செல்கின்றன. நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்புகளை நீக்கி மீட்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2005இல் அரசுக்கு ஆணையிட்டது. 2007இல் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கும்போதும் முன்னறிவிப்பும் மறுப்புரைக்க வாய்ப்பும் அளிக்க வேண்டும் என்று 2010இல் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சமநிலையின் பொருள்

சமநிலை என்பது குளத்தில் பாதியை நீருக்கும் பாதியை வீட்டிற்கும் பங்கிடுவதன்று. நிலம் யாருக்கு என்னும் வினாவிற்கு நீரின் தேவை விடை சொல்கிறது. எவ்வாறு அகற்றுவது என்னும் வினாவிற்கு மனித மாண்பு விடை சொல்கிறது. முதல் விடையை மறந்தால் ஊர் நீரிழக்கும். இரண்டாவதை மறந்தால் எளியோர் மட்டுமே தண்டிக்கப்படுவர். புறம்போக்கில் குடிசை அமைத்தவருக்கும் வணிகக் கட்டடம் எழுப்பியவருக்கும் சட்டம் ஒன்றே. ஆனால் வீடிழந்தபின் செல்ல இடமில்லாதவர் குடிசைவாசியே. அவருக்கு மாற்றிடம் காண்பது நீர்நிலை மீட்பின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். அளந்து, எல்லைக்கல் நட்டு, தொடக்கத்திலேயே தடுத்திருந்தால் இவ்விழப்பு இரு தரப்பிற்கும் நேர்ந்திராது.

தெரிந்து தெளிவோம்

தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் நீர் மாசுபட்டது தொடர்பான வழக்கில், 28.08.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 தண்டம் விதித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கை இத்தீர்ப்பில் வலியுறுத்தப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கண்மாயின் வரத்து வாய்க்கால், மடை, மறுகால் ஆகியவற்றைக் காட்டும் வரைபடம் வரைக.
2. 'கண்மாயை மீட்பதா? குடியிருப்பைக் காப்பதா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.
3. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றவும், அங்குள்ள எளியோர்க்கு மாற்றிடம் வழங்கவும் வேண்டி மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம் எழுதுக.