முத்தின் ஒளியும் அதன் காப்பும்

தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டிற்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆதலின் வீட்டிலுள்ள பழைய முத்துக்களைப் பேணுதல் வேண்டும்.

முத்தின் வானவில் நிறங்கள் சாயத்தால் வருவன அல்ல. சிப்பியானது சுண்ணாம்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே புரதப் படலத்தைப் பசைபோல் இடுகிறது. தகட்டின் கனம் ஏறத்தாழ அரை மைக்ரான். அதாவது, மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. படலமோ அதனினும் மெல்லியது. அடுக்குதோறும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றுகூடிச் சில நிறங்களை மிகுவிக்கிறது. சிலவற்றை மங்கச் செய்கிறது. சோப்புக் குமிழியில் காண்பதும் இதுவே. சிப்பிகளின் இவ்வொளியைச் சர் சி. வி. இராமன் 1935இல் ஆராய்ந்து எழுதினார்.

சுண்ணாம்பு அமிலத்தில் கரையும். புரதம் வெப்பத்தில் உலர்ந்து கெடும். பித்தளைக்கு நல்லதான புளி, முத்துக்குப் பகை! வியர்வை பட்ட மாலையை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

போலியை அறியப் பல்லில் மெல்ல உரசிப் பார்க்கலாம். முத்து நறநறக்கும்; கண்ணாடி மணி வழுக்கும். ஆனால் 1973இல் தூத்துக்குடியில் உருவாக்கப்பெற்றது போன்ற வளர்ப்பு முத்தும் நறநறக்கவே செய்யும். அதனைப் பிரித்தறிய எக்ஸ்ரே வேண்டும்.