பெயரும் ஒரு சொத்தே
வணிகர்க்கும் புதுமை காண்போர்க்கும் ஒரு பாடம்

காணி நிலம் வாங்கினாலும் பத்திரம் பதிவு செய்கின்றோம். ஆனால் ஒரு தலைமுறை உழைத்துத் தேடிய கடைப்பெயரை நம்மில் பலர் பதிவு செய்வதில்லை. கண்ணுக்குப் புலனாகாத அச்சொத்தைக் காக்கும் வழியை இப்பாடத்தில் காண்போம்.

அறந்தாங்கிக் கடைவீதியில் ஒரு குடும்பத்தார் சாம்பார்ப்பொடியும் இட்லிப்பொடியும் அரைத்து, தமக்கென ஒரு பெயரிட்டு விற்பதாகக் கொள்வோம். பொடியின் தரத்தால் காரைக்குடி, பேராவூரணி வரை அப்பெயர் பரவுகிறது. பின்பு வேறொருவர், ஓரெழுத்து மட்டும் மாற்றி, அதே நிறப் பொட்டலத்தில் தம் சரக்கை விற்கிறார். வாங்குவோர் மயங்குகின்றனர், பழிச்சொல்லோ முன்னவர்க்கு வருகிறது. அப்போது அவர் என் செய்வார்?

வாளாவிருந்தால் வரும் இழப்பு

இதற்கு உச்ச நீதிமன்றம் 1962-ல் அளித்த தீர்ப்பொன்று நல்ல சான்றாகும். ‘அமிர்ததாரா’ என்னும் மருந்து நெடுநாள் புகழ்பெற்றது. ‘லட்சுமண்தாரா’ என்னும் பெயரில் 1923 முதல் அதையொத்த மருந்தை விற்றுவந்தவர், பின்னர் அப்பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார்; முன்னவர் எதிர்த்தனர். சாதாரண மக்கள் பெயரைப் பிரித்துப் பொருள் ஆராய்வதில்லை. முழு ஓசையையே நினைவில் கொள்வர். ஆதலின் இரு பெயர்களும் மயக்கம் தருவனவே என நீதிமன்றம் கண்டது. ஆயினும், முன்னவர் அவ்வணிகத்தை அறிந்தும் பல்லாண்டு தடுக்கவில்லை. எனவே உத்தரப் பிரதேச விற்பனைக்கு மட்டும் பின்னவர் பெயர் பதிவு பெற்றது. பெயரின் ஒப்புமையை மெய்ப்பித்தும், காலம் தாழ்த்தியதால் முன்னவர் ஒரு மாநிலத்தில் தம் தனியுரிமையை இழந்தனர்.

இன்றைய 1999-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வாறே எச்சரிக்கிறது. பின்னால் பதிவான குறி பயன்பாட்டில் இருப்பதை அறிந்தும் தொடர்ந்து ஐந்தாண்டுகள் பொறுத்திருந்தவர், அது நேர்மையின்றிப் பதிவு செய்யப்பட்டதாக இருந்தாலன்றி, அதை எதிர்க்கும் உரிமையை இழப்பார்.

பதிவு செய்யும் முறை

டிரேட் மார்க் எனப்படும் வணிகக்குறிக்குச் சென்னைப் பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்தே கணினி வழியாகவும் அனுப்பலாம். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. மசாலாப் பொடிகள் 30-ஆம் வகுப்பைச் சேரும். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனியாரும் சிறு நிறுவனத்தாரும் கணினி வழியில் விண்ணப்பிக்க வகுப்பு ஒன்றுக்குக் கட்டணம் ரூ.4,500.

‘சுத்தமான பொடி’ என்பது போலப் பொருளின் தன்மையை மட்டும் கூறும் பெயர் எளிதில் பதிவாகாது. ஏற்கப்பட்ட குறி வணிகக்குறி இதழில் வெளியாகும்; நான்கு மாதங்களுக்குள் பிறர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு பத்தாண்டு செல்லும்; மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். பதிவு பெறாத முன்பயன்பாட்டாளரும் வழக்கிடலாம். ஆனால் தம் பெயருக்கு மக்களிடையே நற்பெயர் உண்டு என அவரே மெய்ப்பித்தல் வேண்டும். ஆகவே முதல் விற்பனைச் சீட்டு முதலாக விளம்பரம் ஈறாக யாவற்றையும் பாதுகாத்தல் நலம்.

புதுமை கண்டோர்க்கு

பட்டறை வைத்திருக்கும் நம் இளைஞர் ஒருவர் நிலக்கடலை உடைக்கும் இயந்திரத்தில் புதிய அமைப்பொன்றைக் கண்டால், அதற்குரியது பேடண்ட் எனப்படும் காப்புரிமை. அவ்வமைப்பு உலகில் முன்பு வெளிப்படாததாகவும், துறை அறிந்தோர்க்கும் எளிதில் தோன்றாததாகவும், தொழிலுக்குப் பயன்படுவதாகவும் இருத்தல் வேண்டும். விண்ணப்ப நாள் முதல் 20 ஆண்டுகள் உரிமை உண்டு. அது இந்தியாவிற்குள் மட்டுமே செல்லும்.

பெருமையால் முன்னதாகவே ஊரறியக் காட்டிவிட்டால் ‘புதியது’ என்னும் தகுதி கெடக்கூடும். ஆகவே முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து, 12 மாதங்களுக்குள் முழு விவரம் அளிக்கலாம். பாட்டியார் கைப்பக்குவமோ பரம்பரை மருந்தோ காப்புரிமை பெறாது. அவற்றின் செய்முறையை மறைவாகக் காத்து, பெயரைப் பதிவு செய்வதே வழி.

காப்புரிமை பேராசைக்குரியது என அஞ்ச வேண்டா. குறைந்த விலை அணையாடை இயந்திரம் கண்ட கோவை அருணாசலம் முருகானந்தம், அதைப் பெருநிறுவனங்களுக்கு விற்காமல் மகளிர் குழுக்களிடம் சேர்த்தார். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். பயன் யாரைச் சேர வேண்டும் என முடிவு செய்யும் ஆற்றலை உரிமை தருகிறது.

ஊர்ப்பெயரின் உரிமை

பல கைகள் சேர்ந்து தேடிய புகழுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இந்தியா முழுமைக்குமான அதன் பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. அறந்தாங்கிக்கு அண்மையிலுள்ள செட்டிநாட்டின் பனையோலைக் கொட்டானும், 2019-ல் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் இக்குறியீடு பெற்றன.

நமக்குள்ள கடமை

இச்சட்டத்தின் கருத்து நமக்குப் புதியதன்று. கள்ளாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ‘பிரதிரூபக வியவகாரம்’, அஃதாவது போலிச் சரக்கை மெய்ச்சரக்கெனக் காட்டி விற்றல், ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணப்பட்டுள்ளது. ஆகவே நம் பெயரைப் பதிவு செய்யுமுன், அது பிறர் பெயரைத் தழுவியதா எனப் பதிவேட்டில் தேடிப் பார்த்தல் சிராவகர் முதற்கடமையாம். பிறர் பெயரைத் தொடாமையும் நம் பெயரைக் காத்தலும் ஒரே நேர்மையின் இரு பக்கங்கள். இக்காலாண்டிலேயே நம் இல்லங்களில் வணிகம் செய்வோர் இப்பணியைத் தொடங்குவாராக.