விருந்தினருக்கு வழி எழுதுதல்

மாணவர்களே! கோடை விடுமுறையில் நாம் ஊருக்குச் செல்வது வழக்கம். சில ஆண்டுகளில் ஊரிலிருந்து தாத்தாவோ ஆச்சியோ நம்மைக் காணப் புறப்படுவதும் உண்டு. அவர்களிடம் “விஷ்ராந்த்வாடிக்கு வந்துவிடுங்கள்” என்று சொல்வது எளிது. வருபவருக்கு மராத்தியும் இந்தியும் தெரியாவிடில், அச்சொல் வழிகாட்டுதல் ஆகாது. வழி எழுதுவோர் தமக்குத் தெரிந்ததை அன்று, வருபவரின் கண்ணில் படுவதை எழுத வேண்டும்.

விஷ்ராந்த்வாடி, புனே நகரின் வடகிழக்கே, ஆளந்தி செல்லும் சாலையில் அமைந்துள்ளது. மராத்தியில் ‘வாடி’ என்பது சிற்றூர். நம் ஊர் மரவாடியோடு அதனைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விமானத்தில் வருவோருக்குத் தொல்லை குறைவு. லோஹகாவ் விமான நிலையம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவே. வாடகை மகிழுந்தோ ஆட்டோவோ போதும். தொடர்வண்டியில் வருவோருக்கே விரிவாக எழுத வேண்டும்.

கன்னியாகுமரியிலிருந்து கோயம்புத்தூர், சேலம் வழியாக வரும் புனே விரைவு வண்டி இங்கேயே தன் பயணத்தை முடித்துக்கொள்ளும். ஆனால் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி, மதுரை வழியாக வரும் மும்பை வண்டியும், சென்னையிலிருந்து வரும் மும்பை மெயிலும் புனேயில் சிறிது நேரமே நிற்கும். உறங்கிவிட்டால் மும்பையில்தான் விழிக்க நேரும். இதனை மனத்திற்கொண்டு திருநெல்வேலி ஆச்சிக்குப் பேத்தி ஒருத்தி எழுதிய கடிதத்தைப் படியுங்கள்.

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். சோலாப்பூரை அடுத்துத் தௌண்ட் சந்திப்பு வரும். அங்கிருந்து புனே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஆகவே தௌண்டைக் கடந்ததும் பைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடைமேடையில் அம்மா நிற்பார்கள். அம்மாவைக் காணவில்லையெனில் நிலையத்தை விட்டு வெளியே செல்லாமல் எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள்.

நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். மெட்ரோ எங்கள் பகுதிவரை வருவதில்லை. புனே நிலையத்தில் ஏறினால் மூன்றாவதாக வரும் எரவாடாவில் இறங்கி, ஆட்டோ பிடிக்க வேண்டும். பேருந்து நேரே வரும். ஆனால் அதன் எண்ணை நம்பி ஏறாதீர்கள். தேவநாகரியில் ஒன்று என்பது நம் 9 போலவும், நான்கு என்பது நம் 8 போலவும் தோன்றும்! 2015-இல் சங்கம்வாடி முதல் விஷ்ராந்த்வாடி வரை பேருந்துகளுக்கெனத் தனித்தடம் அமைத்தார்கள். அதன் நிறுத்தங்கள் சாலையின் நடுவே உள்ளன. இறங்கியபின் பாதிச் சாலையைக் கடக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலிக்கு அது வேண்டா. ஆட்டோவிலேயே வருவோம்.

‘தாம்பா’ என்றால் ‘நிறுத்துங்கள்’ என்று பொருள். மராத்தியர் பாட்டியை ‘ஆஜி’ என்பர். யாரேனும் அவ்வாறு அழைத்தால் உங்களைத்தான் அழைக்கிறார்கள்.

இன்னொன்று. ஞானேசுவரரின் பல்லக்கு ஆளந்தியிலிருந்து புனேக்கு வரும் நாளில் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். அந்நாள் பெரும்பாலும் சூன் மாதத்தில் வரும்; ஆண்டுதோறும் தேதி மாறும். பல்லாயிரம் அடியார்கள் எங்கள் சாலை வழியே நடந்து செல்வதால் வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடுவார்கள். அம்மாவால் உரிய நேரத்தில் நிலையத்துக்கு வர இயலாது. அதற்கு முந்திய வாரமே வந்துவிட்டால், இருவரும் சாலையோரம் நின்று பல்லக்கைக் காணலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புப் பேத்தி

கடிதத்தில் பேருந்து எண் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பேத்திக்கு எண் தெரியாமல் இல்லை. ஆச்சிக்கு அது பயன்படாது என்று விட்டுவிட்டாள். முழங்கால் வலியை மறவாமல் எழுதினாளே, அதுவே இக்கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பயிற்சி

1. ஆச்சி தௌண்டைக் கடந்ததும் ஆயத்தமாக வேண்டியது ஏன்?
2. பேத்தி பேருந்தைத் தவிர்க்கச் சொன்ன காரணங்கள் இரண்டினை எழுதுக.
3. இதே ஆச்சி விமானத்தில் வருவதாயின் கடிதம் எவ்வாறு மாறும்? எழுதிக் காட்டுக.
4. உங்கள் வீட்டுக்கு முதன்முறை வரும் உறவினர் ஒருவரின் வயது, உடல்நிலை, அவர் அறிந்த மொழி ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவருக்கு வழி எழுதுக. எழுதியதை வீட்டில் உள்ள பெரியவரிடம் படித்துக் காட்டி, அவருக்கு விளங்காத வரியைத் திருத்துக.